எருமை இல்லாத வீட்டின் எருமைப் பால்

தனுஷ்கோடிக்குத் தப்பை ஒப்புக்கொள்வது புதிதல்ல. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே பொத்தான் அறுந்திருந்தாலும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில், பால் வாங்கும் கொட்டகைக்குள் நின்றுகொண்டு, "தப்பு என்னுதுதாங்கய்யா. முழுக்க என்னுது" என்று போனில் சொன்னாரே, அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் லாட்டரி விழுந்த ஆள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவ்வளவு நிம்மதி.

அவருக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம். அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் நெல் வயல். அண்ணன் போலீஸில் சேர்ந்தார், இவர் பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். சிக்னல்ஸ் பிரிவில் போட்டார்கள். முதலில் கம்பி இழுத்தார், பிறகு ரேடியோ பெட்டி தூக்கினார், கடைசி எட்டு வருஷம் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வேலை. அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. லீவில் வரும்போதெல்லாம் மதுரையில் இறங்கி, புரோகிராம் எழுதும் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் ஊருக்கு பஸ் ஏறுவார்.

ஹவில்தாராக ஓய்வு பெற்று ராஜபாளையத்தில் வீடு பிடித்தார். மனைவி கல்பனாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. எக்ஸ்-சர்வீஸ்மேன் என்றால் ஊரில் தயாராக இருந்தது செக்யூரிட்டி வேலைதான். ஒரு பேங்க் வாசலில் இரண்டு மாதம் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். ஏசி அறைக்குள் நெட்வொர்க் போய்விட்டால் உள்ளே இருப்பவர்கள் திணறுவார்கள். இவருக்குக் கை துறுதுறுக்கும், ஆனால் எழுந்து போகக் கூடாது. மூன்றாம் மாதம் வேலையை விட்டுவிட்டார்.

அப்போது தென்காசி ரோட்டில் இம்மானுவேல் என்பவர் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். எடை மெஷின், பால் டெஸ்ட் மெஷின் இவற்றுக்கான எலக்ட்ரானிக் போர்டுகள் செய்யும் இடம். போர்டு செய்ய இம்மானுவேலுக்குத் தெரியும். அந்த போர்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றால் உள்ளே புரோகிராம் எழுத ஆள் வேண்டும். தனுஷ்கோடி போய் உட்கார்ந்தார். ஆறு வருஷம் ஆயிற்று. போர்டுக்குள் ஓடும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தில், நெட்வொர்க் பகுதி முழுவதும் அவர் எழுதியது. ஒரு வரி விடாமல் அவர் கை.

அந்தப் பால் மெஷின்களை வாங்கியவர்களில் பெரிய ஆள் உக்கிரபாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அலுவலகம். மலையடிவாரத்து ஊர்களில் பதினான்கு இடத்தில் பால் வாங்கி, பால்கோவா போடுகிறவர்களுக்கும் டீக்கடைகளுக்கும் கொடுப்பவர். அறுபது வயது. சொன்ன சொல்லில் நிற்பார், மற்றவர்களும் நிற்க வேண்டும் என்பார். பதினான்கு இடத்திலும் ஒரே ஏற்பாடுதான். பால் ஊற்றுகிறவர் தன் நம்பரைச் சொல்வார். அங்கே இருக்கும் பெண் நம்பரை அமுக்கி, பசுவா எருமையா என்று ஒரு பொத்தானை அமுக்கி, பாலை வைப்பாள். எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு என்று மெஷின் தானாக அளந்து ஒரு சீட்டு அடித்துத் தரும். அதே விவரம் ஒரு கம்பி வழியாக உள் அறையில் இருக்கும் பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டியலில் ஏறும்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் உக்கிரபாண்டி போன் பண்ணி வரச் சொன்னார். தனுஷ்கோடி பஸ் ஏறிப் போனார். அலுவலகத்தில் உக்கிரபாண்டி, கணக்குப் பார்க்கும் பெண்கள் இரண்டு பேர், வேன் ஓட்டும் வேல்பாண்டி எல்லாரும் இருந்தார்கள். நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். மலையடிவாரத்து ஊரில் பால் வாங்கும் முனீஸ்வரி.

"தம்பி, இதைப் பாருங்க" என்று உக்கிரபாண்டி ஒரு பட்டியலை நீட்டினார். "ரெண்டு மாசமா இந்த ஊர்ல கேன்ல வார பாலை விட பட்டியல்ல பால் கூட இருக்கு. என்னன்னு பாத்தா, இந்தப் பிள்ளையோட மதினி ஒருத்தி இருக்கா, சுடலைமாடத்தின்னு. அவ பேருல பதினோரு நாளு எருமைப் பால் ஏறியிருக்கு. அவ வீட்டுல எருமையே கிடையாது!"

"எருமை இல்லங்கதை நானே சொல்லுதேன்ல" என்றாள் முனீஸ்வரி. கையில் இருந்த சீட்டுக் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். "மதினிகிட்ட இருக்கது ரெண்டு பசு மாடு. பசுப் பாலுக்குத்தான் நான் அமுக்கினேன். சீட்டுலயும் பசுப் பால் மட்டுந்தான் இருக்கு. கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"சீட்டு அடிச்ச பொறவு நீ என்ன அமுக்கினயோ, யாரு கண்டா?" என்ற உக்கிரபாண்டி, தனுஷ்கோடி பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. மெஷினு தானா இப்படி ஏத்துமா?"

தனுஷ்கோடி யோசிக்கவே இல்லை. அதுதான் பின்னால் அவரை அறுத்தது.

"ஏத்தாதுங்கய்யா. நான் எழுதுன புரோகிராம். ஆறு வருஷமா ஓடுது. ஆளு அமுக்காம எதுவும் ஏறாது."

முனீஸ்வரி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. "அண்ணே, நீங்க ஒரு நாள் வந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். நாளையிலிருந்து வர வேண்டாம், வேல்பாண்டி பார்த்துக்கொள்வான், போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம் என்றார் உக்கிரபாண்டி. அவள் உள் அறைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, சீட்டுகளை மறுபடி ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கிடைத்தது. பட்டியல் கையில் இருந்தது. அவர் அதைச் சும்மாதான் பிரித்தார். பதினோரு நாளையும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. எருமை என்று பொத்தானை அமுக்கலாம். சரி. கொழுப்பை எப்படி அமுக்க முடியும்? லிட்டரையும் கொழுப்பையும் கையால் போட போர்டில் வழியே கிடையாது. வழி வைக்காமல் விட்டவர் அவரேதான்.

நான்காம் நாள்: சுடலைமாடத்தி பேரில் எருமைப் பால் நாலு புள்ளி இரண்டு லிட்டர், கொழுப்பு ஏழு புள்ளி ஒன்று. அதற்கு மேல் வரியைப் பார்த்தார். ராக்கப்பன் என்ற ஆள். பசுப் பால் ஒன்று, எருமைப் பால் ஒன்று. எருமைப் பால் நாலு புள்ளி இரண்டு. கொழுப்பு ஏழு புள்ளி ஒன்று.

ஒன்பதாம் நாள் பார்த்தார். அன்றைக்கும் ராக்கப்பனுக்கு அடுத்துத்தான் சுடலைமாடத்தி. அன்றைக்கும் எருமைப் பால் அச்சு அசல் ஒன்று. பதினோரு நாளும் அப்படியே. ஒரே பாலை இரண்டு தரம் வைத்தால்கூட அந்த மெஷின் புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் மாற்றித்தான் காட்டும். இது அளந்ததில்லை, ஒட்டிக்கொண்டு வந்தது.

ராஜபாளையத்தில் இறங்கி நேரே வீட்டுக்குப் போனார். கல்பனாவிடம் நடந்ததைச் சொன்னார்.

"தெரியாமத்தான சொன்னீக?" என்றாள் கல்பனா.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். தெரியும்னுல சொன்னேன்."

கல்பனா போனை எடுத்தாள். "காலைல எத்தனை மணிக்குப் பால் ஊத்துவாக? அலாரம் வைக்கேன்" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் தனுஷ்கோடியின் பைக் அந்தக் கொட்டகை வாசலில் நின்றது. மலை பச்சையாக, ஈரமாக, பக்கத்தில் தெரிந்தது. வேல்பாண்டி மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தரம் கேட்டு, ஒரே விரலால் அமுக்கினான். தனுஷ்கோடி உள் அறைக்குப் போய், கம்பிக்கு நடுவே தன் லேப்டாப்பை மாட்டினார். இனிமேல் அந்தக் கம்பியில் போகிற ஒவ்வொரு செய்திப் பொட்டலமும், அதாவது பாக்கெட்டும், அவர் கண்ணுக்குத் தெரியும்.

சுடலைமாடத்தி தூக்குவாளியோடு வந்தார். ஐம்பது வயதுப் பெண். தனுஷ்கோடியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, செத்த நேரம் நில்லுங்க. ராக்கப்பன் ஊத்துன பொறவு நீங்க ஊத்துங்க."

"எதுக்கு? இன்னைக்கும் எம் பேருல எருமைய ஏத்தவா?"

"ஏறுதான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் என்ன நினைத்தாரோ, வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். ராக்கப்பன் எப்போதும்போல எல்லாருக்கும் கடைசியாக, சைக்கிளில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த ஊரில் பசுவும் எருமையும் சேர்த்து வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். இரண்டு கேனையும் ஊற்றிச் சீட்டு வாங்கினார். எருமைப் பால் மூன்று புள்ளி ஒன்பது லிட்டர், கொழுப்பு ஆறு புள்ளி எட்டு. அடுத்து சுடலைமாடத்தி ஊற்றினார். வேல்பாண்டி பசு என்ற பொத்தானை அமுக்கினான். சீட்டு வந்தது. பசுப் பால் மட்டும்.

தனுஷ்கோடி உள்ளே போய்ப் பெட்டியின் பட்டியலைப் பார்த்தார். சுடலைமாடத்தி: பசுப் பால் ஆறு லிட்டர். எருமைப் பால் மூன்று புள்ளி ஒன்பது லிட்டர், கொழுப்பு ஆறு புள்ளி எட்டு.

"ஏலே வேல்பாண்டி, இங்க வா!"

வேல்பாண்டி வந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "அண்ணே, ஆத்தா மேல சத்தியமா நான் எருமைய அமுக்கலண்ணே!"

"தெரியும்லே, நீ அமுக்கல. முனீஸ்வரியும் அமுக்கல." தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக அடைத்திருந்த மூக்கு திடீரென்று திறந்துகொண்டதுபோல இருந்தது. முனீஸ்வரி கொட்டகையிலேயே இல்லை, எருமைப் பால் ஏறியிருக்கிறது. இதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

இனி, ஏன் என்பது பாக்கி. லேப்டாப்பில் அந்தப் பாக்கெட்டைத் திறந்தார். கம்பியில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முகப்பில், கவரில் எழுதும் விலாசம்போல, பதினான்கு பைட், அதாவது பதினான்கு கட்டம், ஹெட்டர் உண்டு. யாருக்குப் போகிறது என்பது ஆறு பைட், யாரிடமிருந்து என்பது ஆறு பைட். கடைசி இரண்டு பைட்டில், இவர் எழுதிய முறைப்படி, உள்ளே இருக்கும் செய்தி எவ்வளவு நீளம் என்று இருக்கும். பட்டாளத்தில் செய்திப் படிவம் நிரப்பிப் பழகியவருக்கு இது அத்துபடி.

நீளம் இருபத்திரண்டு என்று இருந்தது. சரிதான். ஒரு கேன் ஊற்றியவருக்கு இருபத்திரண்டு பைட். இரண்டு கேன் என்றால் முப்பத்தாறு. ஆனால் இரண்டுமே கம்பிக்குப் போதாது. ஹெட்டரோடு சேர்த்து அறுபது பைட்டுக்குக் குறைந்த பாக்கெட் கம்பியில் போகக் கூடாது என்பது விதி. குறைகிற இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பி அனுப்ப வேண்டும். தனுஷ்கோடி இருபத்திரண்டு பைட்டை எண்ணி முடித்து, அடுத்த பைட்டைப் பார்த்தார். பூஜ்யம் இல்லை. எருமை. மூன்று புள்ளி ஒன்பது. ஆறு புள்ளி எட்டு.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் இந்த ஊருக்குப் புது போர்டு வந்தது. பழைய போர்டில் இருந்த நெட்வொர்க் சிப், மீதி இடத்தைத் தானே பூஜ்யத்தால் நிரப்பிவிடும். புது சிப் அதைச் செய்யாது, புரோகிராம்தான் நிரப்ப வேண்டும். சிப்போடு வந்த விவரத் தாளில் அது ஒரு வரியாக இருந்தது. அவர் படித்திருந்தார். படித்துவிட்டு, பாக்கெட்டை மொத்தம் அறுபது பைட்டாக அனுப்பும்படி மாற்றினார். உள்ளே மிஞ்சும் இடத்தைத் துடைக்க மறந்துவிட்டார். ஆக, ராக்கப்பனின் நீளமான செய்தி இருந்த இடத்தில் சுடலைமாடத்தியின் குட்டைச் செய்தி உட்கார்ந்தபோது, ராக்கப்பனின் வால் அப்படியே கிடந்தது. அதுவும் கம்பியில் போயிற்று. ராக்கப்பனுக்குப் பின்னால் யாரும் வராத நாட்களில் மெஷினை அணைத்துவிடுவார்கள், எல்லாம் அழிந்துபோகும். மாடு கறக்க நேரமாகி சுடலைமாடத்தி கடைசியாக வந்த பதினோரு நாளும் மாட்டிக்கொண்டார்.

வாங்குகிற பக்கமும் அவர் எழுதியதுதானே? அதையும் திறந்தார். நீளம் இருபத்திரண்டு என்று ஹெட்டரில் இருக்கும்போது, அந்த அளவில் வெட்டிவிட்டு மீதியைத் தள்ளியிருக்க வேண்டும். அவர் எழுதிய புரோகிராம் அந்த இரண்டு பைட்டைத் தாண்டிப் போய், பாக்கெட் முடிகிற வரைக்கும் கிடைத்ததையெல்லாம் படித்தது. ஆறு வருஷமாக அப்படித்தான் படித்திருக்கிறது. பூஜ்யமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு இடத்திலும் தப்பு. இரண்டும் அவருடையது. வெட்கமாக இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. கொட்டகைக்கு வந்து உக்கிரபாண்டிக்குப் போன் போட்டார். அப்போது சொன்னதைத்தான் முதலிலேயே சொன்னோம்.

உக்கிரபாண்டி, "ஏன் தம்பி, நேத்து அம்புட்டு உறுதியாச் சொன்னீங்களே!" என்றார்.

"சொன்னேங்கய்யா. அதுவும் தப்புதான்."

"அந்தப் பிள்ளைய நான் என்னெல்லாம் கேட்டுட்டேன்..." அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி, நல்ல வேளை ஸ்டேஷனுக்குப் போகல. இன்னைக்குப் போகலாம்னு இருந்தேன்."

முனீஸ்வரியின் வீடு இரண்டு தெரு தள்ளி. தனுஷ்கோடி நடந்தே போனார். சுடலைமாடத்தி காலி வாளியை வீசிக்கொண்டு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போய், வாசலிலிருந்தே, "ஏட்டி முனீஸ்வரி! வெளிய வாட்டி! மெஷினுதான் களவாணியாம்!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

முனீஸ்வரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தனுஷ்கோடி எல்லாவற்றையும் சொன்னார். புது சிப், துடைக்காத இடம், வெட்டாத நீளம். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தார்.

"அப்ப, ராக்கப்பன் மாமா ஊத்துனதோட மிச்சம் மதினி மேல ஏறிருச்சு. அதான?" என்றாள் அவள்.

"அதேதான்."

"நான் அமுக்கல."

"நீ அமுக்கலம்மா. நான்தான் துடைக்காம விட்டேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. சுடலைமாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். கொஞ்ச நேரம் கழித்து முனீஸ்வரி நிமிர்ந்து, மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, இங்க வந்து சொன்னது சரி. ஆனா நேத்து ஆபீசுல யார் யார் இருந்தாகளோ, அவுக எல்லாரும் இருக்கும்போது இதைச் சொல்லணும். அப்பத்தான் நான் வேலைக்கு வாரேன்."

"இப்பவே போவோம்" என்றார் தனுஷ்கோடி.

வேல்பாண்டியின் வேனில், பால் கேன்களுக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு, அவளும் சுடலைமாடத்தியும் உட்கார்ந்தார்கள். தனுஷ்கோடி பைக்கில் பின்னால் வந்தார். அலுவலகத்தில் கணக்குப் பெண்கள் இருவரையும் எழுந்து வரச் சொன்னார் உக்கிரபாண்டி. தனுஷ்கோடி லேப்டாப்பைத் திறந்துவைத்து, முதலிலிருந்து கடைசி வரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றுதான் சொன்னார். முடிந்ததும் உக்கிரபாண்டி மேஜை டிராயரைத் திறந்து, சாவியை எடுத்து, முனீஸ்வரியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மனசுல வச்சுக்காத தாயி" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவர் இரண்டு கையால் கொடுத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லாருக்கும் விளங்கியது. முனீஸ்வரி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "சாயங்காலப் பாலுக்குக் கேனெல்லாம் கழுவணும், வேனை எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

திருத்தம் என்று பார்த்தால் சின்னதுதான். அனுப்பும் பக்கம், செய்தி வைக்கும் இடத்தை முதலில் பூஜ்யத்தால் துடைப்பது. வாங்கும் பக்கம், ஹெட்டரில் உள்ள நீளத்தோடு வெட்டுவது, நீளம் பொருந்தாவிட்டால் பாக்கெட்டையே தள்ளிவிடுவது. ஒன்று போதுமே என்று இம்மானுவேல் கேட்டார். "ஒண்ணு போதும்னு இருந்துதான் இந்தக் கதி" என்றார் தனுஷ்கோடி. புதன்கிழமை காலை அந்தக் கொட்டகையில், ராக்கப்பனை எட்டு தரம் ஊற்ற வைத்தார்கள், ஒவ்வொரு தரத்துக்கும் பின்னால் சுடலைமாடத்தி. எட்டு தரமும் பசுப் பால் பசுவாகவே ஏறியது. "என் பாலைத் தண்ணியாக்கிருவீகபோல" என்று ராக்கப்பன் சலித்துக்கொண்டார்.

புது போர்டு போட்ட இடம் இன்னும் ஐந்து இருந்தது. மூன்று நாளில் ஐந்துக்கும் போனார். ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு நாள் ஒரு பெரியவர் பேரில் இப்படி ஒட்டிக்கொண்டு வந்த பால் ஏறியிருந்தது. அதையும் திருத்தி, அவரிடமும் நேரில் சொன்னார். இவர் எதற்கு மன்னிப்பு கேட்கிறார் என்றே அந்தப் பெரியவருக்குப் புரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் உக்கிரபாண்டியிடம் கடைசி அறிக்கையைக் கொடுத்துவிட்டு, தனுஷ்கோடி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் ஏறினார். கூட்டம் இல்லை. காற்று முகத்தில் அடித்தது. ராஜபாளையத்துக்கு டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தது ஞாபகம் இருந்தது. அதற்குமேல் இல்லை. கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் சேத்தூரில் நின்றுகொண்டிருந்தது.

"என்னங்க சார், ராஜபாளையம் போயி எம்புட்டு நேரமாச்சு! கூப்பிட்டுப் பாத்தேன், எந்திரிக்கவே இல்ல."

பட்டாளத்தில் இலை அசைந்தால் விழித்துக்கொள்கிற ஆள். இறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் வந்து, கல்பனாவுக்குப் போன் பண்ணினார்.

"எங்க இருக்கீக? சாப்பாடு ஆறுது."

"சேத்தூர்ல நிக்கேன்."

"சேத்தூர்லயா? அங்க என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல" என்றார் தனுஷ்கோடி. சொல்லும்போதே சிரித்துவிட்டார். எதிரே ராஜபாளையம் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினார்.